ஒரே கப்பலில் இரண்டு மதராஸ்காரர்கள்

நம் சங்கத்தின் மலர்க் குழுவினர் இந்த ஆண்டு மலருக்கு "நம்ம பக்கத்து விளையாட்டு வீரர்கள்" என்று ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். கேட்டவுடனே எல்லோர் வாயிலும் வருகிற பெயர்கள் உண்டு. 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் விம்பிள்டன் அரையிறுதி ஆடிய ராமநாதன் கிருஷ்ணன். ஆலிவர் ரோடு வீட்டு டென்னிஸ் கோர்ட்டில் தாத்தாவிடம் பழகிய அவர் பிள்ளை ரமேஷ். ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கன் சாலையில் சோவியத் கலாசார மையத்துக்குள் இருந்த டால் செஸ் கிளப்பில் காய் நகர்த்திப் பழகி, 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆன விஸ்வநாதன் ஆனந்த். இவர்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. நானும் எழுதினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டு குரூப் போட்டோ பார்க்கப் போய்விடுவீர்கள்.

அதனால் வேறு இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் மயிலாப்பூர் லஸ்ஸில் பெரிய இடத்துப் பிள்ளை. மற்றவர் திருவல்லிக்கேணிக்காரர், சாதாரணக் குடும்பம். இருவருமே இரண்டு வெவ்வேறு விளையாட்டுகளில் இந்தியாவுக்காக ஆடியவர்கள். கிரிக்கெட் இருவருக்கும் பொது. அதோடு ஒருவருக்கு டென்னிஸ், இன்னொருவருக்கு ஹாக்கி. 1936-ல் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட இந்திய கிரிக்கெட் அணியின் கப்பலில் இருவரும் ஒன்றாகப் போனார்கள். மூத்தவர் பெயர் கோட்டா ராமஸ்வாமி. இளையவர் எம்.ஜே. கோபாலன். அந்தக் கப்பலில் ஏறியதால் மூத்தவருக்குக் கிடைத்தது என்ன, இளையவர் இழந்தது என்ன என்பதுதான் விஷயம்.

கதையை லஸ்ஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இன்றைக்கு லஸ் சர்ச் ரோட்டில் நடந்து போகிற மாணவர்களுக்கு, இதே ரோட்டில்தான் தென்னிந்திய கிரிக்கெட் பிறந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். லஸ் ஹவுஸ் என்ற பெரிய தோட்ட வீடு. அதில் இருந்தவர் புச்சி பாபு நாயுடு, பிறந்தது 1868. பாரி கம்பெனி துபாஷ் குடும்பத்து வாரிசு. பணத்துக்குக் குறைவில்லை. அந்தக் காலத்தில் மதராஸில் கிரிக்கெட் என்றால் 1846-ல் ஆரம்பித்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்தான். அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். நம்மவர்கள் அவர்களோடு ஆட்டம் ஆடலாம். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் துரைமார்கள் பெவிலியனுக்குள், நம்மவர்கள் வெளியே மரத்தடியில். இந்த மரத்தடிச் சாப்பாடுதான் புச்சி பாபுவுக்குச் சுருக்கென்று தைத்தது என்று சொல்வார்கள்.

அவர் கோபித்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிடவில்லை. 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்று நம்மவர்களுக்காக ஒரு கிளப்பை எஸ்பிளனேடு பக்கத்தில் தொடங்கினார். ஆட வந்த பையன்களுக்கு பேட், பேட் கட்டுவதற்கு கால்காப்பு, உடுப்பு எல்லாம் தன் கையிலிருந்து வாங்கிக் கொடுத்தார். வெள்ளைக்காரர்களுக்கும் நம்மவர்களுக்கும் சரிக்குச் சமமாக ஒரு வருடாந்திர ஆட்டம் வேண்டும் என்று பேசி ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதே, 1908-ல், நாற்பது வயதில் காலமாகிவிட்டார். அவர் நினைவாகத்தான் புச்சி பாபு டோர்னமெண்ட். அவர் ஆசைப்பட்ட ஆட்டம் பின்னால் 'பிரசிடென்சி மேட்ச்' என்ற பெயரில் பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் நடக்கும் திருவிழாவாகவே ஆயிற்று. காணும் பொங்கலுக்குக் கடற்கரை போவது மாதிரி, பிரசிடென்சி மேட்சுக்குப் போவதும் ஊருக்கு ஒரு வழக்கம்.

புச்சி பாபுவின் பிள்ளைகள் எல்லோருமே ஆட்டக்காரர்கள். கடைக்குட்டி ராமஸ்வாமி, 1896 ஜூன் 16-ல் பிறந்தவர். தாய்வழித் தாத்தாவுக்கு ஸ்வீகாரம் போனதால் அண்ணன்மாருக்கு இல்லாத 'கோட்டா' என்ற வீட்டுப் பெயர் இவருக்கு மட்டும் வந்தது. ஸ்கோர் புத்தகத்தில் சகோதரர்கள் பெயர் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், தெரியாதவர்களுக்கு உறவு விளங்காது.

ராமஸ்வாமி பிரசிடென்சி காலேஜில் படித்தார். 1915-16-லேயே இந்தியர் அணிக்காக முதல்தர ஆட்டம் ஆடிவிட்டார். இடது கை ஆட்டக்காரர், பந்தைத் தடவிக்கொண்டு நிற்கிற ரகம் இல்லை, அடிக்கிற ரகம். பிறகு கேம்பிரிட்ஜுக்குப் போனார். போன இடத்தில் பெயர் வாங்கித் தந்தது கிரிக்கெட் அல்ல, டென்னிஸ். 1922-ல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக டாக்டர் ஃபைசியோடு ஜோடி சேர்ந்து இரட்டையர் ஆட்டம் ஆடி, ருமேனியாவை ஜெயித்தார். இந்தியா டேவிஸ் கோப்பைக்குள் நுழைந்ததே அதற்கு முந்தின வருடம்தான். கிருஷ்ணன் பிறப்பதற்கு 15 வருடம் முன்னால், மயிலாப்பூர்க்காரர் ஒருவர் டேவிஸ் கோப்பையில் ஜெயித்திருக்கிறார் என்பது நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

திரும்பி வந்து விவசாய இலாகாவில் அதிகாரி ஆனார். வேலை ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம். எந்த ஆட்டத்தையும் விடவில்லை. பின்னாளில் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியபோது அதற்கு வைத்த பெயரிலேயே தன்னை 'விளையாட்டுப் பைத்தியம்' என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். 'ராம்ப்ளிங்ஸ் ஆஃப் எ கேம்ஸ் அடிக்ட்' என்ற அந்தப் புத்தகம் 1966-ல் வந்தது.

இப்போது திருவல்லிக்கேணிக்கு வருவோம்.

மொரப்பாக்கம் ஜகன்னாதன் கோபாலன். பெயரிலேயே ஊர் இருக்கிறது. செங்கல்பட்டு ஜில்லா மொரப்பாக்கத்தில் 1909 ஜூன் 6-ல் பிறந்தவர் என்று பதிவுகள் சொல்கின்றன. வளர்ந்ததும் ஆடியதும் திருவல்லிக்கேணியில். லஸ் ஹவுஸ் மாதிரி தோட்டமோ, பேட் வாங்கித் தர அப்பாவின் துபாஷ் சொத்தோ கிடையாது. இந்தப் பையன் வேகமாகப் பந்து போடுகிறானே என்று கண்டுபிடித்தவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர் சி.பி. ஜான்ஸ்டன். அவரே நல்ல ஆட்டக்காரர், பர்மா ஷெல் கம்பெனியில் இருந்தவர். கோபாலனுக்கு அதே கம்பெனியில் வேலையும் போட்டுக் கொடுத்தார். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "ஆட்டம் சோறு போடுமா?" என்று நம் வீடுகளில் கேட்காத அப்பா உண்டா? 'போடும்' என்று கோபாலனுக்கு முதலில் பதில் சொன்னது அந்த பர்மா ஷெல் சம்பளம்தான். பின்னால் பேங்குகளும், ரயில்வேயும், இந்தியா பிஸ்டன்ஸ் மாதிரி கம்பெனிகளும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்திய பழக்கத்துக்கு மதராஸில் இதெல்லாம் முன்னோடி.

1930-31-ல் விஜயநகரம் ராஜகுமாரர், 'விஜ்ஜி' என்று எல்லோரும் சொல்வார்களே அவர், தன் செலவில் ஓர் அணியைத் திரட்டிக்கொண்டு வந்தார். அதில் இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸ் இருந்தார். உலகத்திலேயே பெரிய பேட்ஸ்மேன் என்று பெயர் வாங்கினவர். அவரை மதராஸில் கிளீன் போல்டாக்கினார் கோபாலன். ஒரே பந்தில் ஊர் முழுக்கப் பெயர் பரவிவிட்டது.

1934 ஜனவரியில் ஜார்டினுடைய இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தாவில் நடந்த டெஸ்டில் கோபாலனுக்கு இடம் கிடைத்தது. ஒரே ஒரு விக்கெட் எடுத்தார். அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் டெஸ்ட். அந்த மைதானத்தில் நடந்த முதல் டெஸ்டே அதுதான். உள்ளூர்க்காரர் கோபாலன் அணியில் இல்லை. கல்கத்தா போய் ஆடினவருக்கு, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நடந்த டெஸ்டில் இடமில்லை! அவருக்கு அந்தக் கல்கத்தா டெஸ்டோடு சரி, இன்னொன்று கிடைக்கவே இல்லை.

அதே வருடம் நவம்பர் 4-ம் தேதி ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம். சேப்பாக்கத்தில் மதராஸும் மைசூரும். ரஞ்சி கோப்பை சரித்திரத்தின் முதல் பந்தைப் போட்டவர் நம்ம கோபாலன். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மைசூர் 48, மதராஸ் 130, மறுபடி மைசூர் 59. ராம் சிங் 11 விக்கெட் எடுத்துவிட்டார். முதல் பந்து போட்டவர் பெயரை வினாடி வினாவில் கேட்பார்கள், பதினொன்று எடுத்தவரைக் கேட்க மாட்டார்கள். அது எப்போதும் அப்படித்தான்.

இதெல்லாம் கிரிக்கெட் பக்கம். இன்னொரு பக்கம் கோபாலன் முதல் தரமான ஹாக்கி ஆட்டக்காரர், சென்டர் ஹாஃப். ஹாக்கியில் சென்டர் ஹாஃப் என்றால் அணியின் முதுகெலும்பு மாதிரி. முன்னாலும் ஓட வேண்டும், பின்னாலும் ஓட வேண்டும். 1935-ல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து போயிற்று. தயான் சந்த் தலைமையில் போன அந்த அணியில் கோபாலன் இருந்தார். 48 ஆட்டம், 584 கோல். இந்தக் கணக்கை நம் மாணவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்க வேண்டும். சராசரி போட்டால் ஓர் ஆட்டத்துக்கு 12 கோல் வருகிறது.

அப்போதுதான் 1936 வந்தது.

அந்த வருடம் கோடையில் இரண்டு அணிகள் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்டன. கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கு. ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு. கோபாலனுக்கு இரண்டு பக்கமிருந்தும் அழைப்பு. இரண்டிலும் போக முடியாது. ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு பார்த்தால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். இந்தியா 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் ஹாக்கித் தங்கம் வாங்கிவிட்டது. 1932-ல் லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்காவை 24-1 என்று அடித்துவிட்டு மறுபடி தங்கம். அந்த அணியோடு போனால் கழுத்தில் தங்கம் ஏறக்குறைய நிச்சயம். கிரிக்கெட்டிலோ இந்தியா அதுவரை ஒரு டெஸ்ட் கூட ஜெயித்தது கிடையாது. ஜெயிக்கிற அணியை விட்டுவிட்டு, தோற்கிற அணியோடு போவார்களா?

போனார். கோபாலன் கிரிக்கெட்டைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஏன் என்பதற்கு நான் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் கிரிக்கெட்டுக்கு இருந்த கௌரவம் வேறு. ராஜாக்கள், கவர்னர், கம்பெனி துரைகள் எல்லோரும் கிரிக்கெட் பக்கம். ஹாக்கி சங்கத்துக்கோ ஒவ்வொரு தடவையும் அணியை அனுப்பப் பணம் திரட்டுவதே பெரிய பாடு. லார்ட்ஸ் மைதானத்தில் இறங்கி ஆடுவது என்பது அன்றைய ஆட்டக்காரனுக்குக் காசி யாத்திரை மாதிரி. தவிர, கிரிக்கெட்டில் அவருக்கு ஒரு கணக்கு பாக்கி இருந்தது. சேப்பாக்கத்தில் விட்டுப்போன டெஸ்டை லார்ட்ஸிலோ ஓவலிலோ ஆடித் தீர்க்கலாம் என்று ஒரு 27 வயது ஆள் நினைத்திருந்தால் அதில் என்ன தப்பு? வேலை கொடுத்து வளர்த்துவிட்டதும் கிரிக்கெட்தானே. பெர்லின் தங்கத்தைப் பிற்பாடு தெரிந்துகொண்ட நாம் அவரை "ஐயோ பாவம்" என்கிறோம். அன்றைக்கு அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அந்த முடிவு அவ்வளவு முட்டாள்தனமாகத் தெரிந்திருக்காது.

ஆனால் போன அணி என்ன அணி! கேப்டன் அதே விஜ்ஜி. ஆட்டத்தைவிட அந்தஸ்து காரணமாகக் கேப்டன் ஆனவர். சி.கே. நாயுடு போன்ற பெரிய ஆட்டக்காரர் அவருக்குக் கீழே ஆட வேண்டிய நிலை. அணிக்குள் கோஷ்டி. நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை முதல் டெஸ்டுக்கு முன்னாலேயே ஒழுங்கு நடவடிக்கை என்று கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டூர் நடுவில் விஜ்ஜிக்கு 'சர்' பட்டம் வேறு கிடைத்தது. இப்படிப்பட்ட அணியில் ஒரு பந்துவீச்சாளர் தன் திறமையைக் காட்டி இடம் பிடிப்பது அவ்வளவு சுலபமா? லார்ட்ஸ் டெஸ்டில் கோபாலன் இல்லை. மான்செஸ்டர் டெஸ்டிலும் இல்லை.

மான்செஸ்டரில் இருந்தவர் நம்ம லஸ் ராமஸ்வாமி. நாற்பது வயது முடிந்துவிட்டது. ஜூலை 25-ம் தேதி ஓல்ட் ட்ராஃபோர்டில் முதல் டெஸ்ட் ஆட இறங்கினார். இந்தியாவுக்காக அவரைவிட அதிக வயதில் முதல் டெஸ்ட் ஆடியவர் ஒரே ஒருவர்தான், 1933-ல் 41 வயதில் ஆடிய ரஸ்தம்ஜி ஜாம்ஷெட்ஜி. ராமஸ்வாமி முதல் இன்னிங்ஸில் 40. இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 571 அடித்து நிறுத்தியது. பிறகு மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 203 போட்டார்களே, அது இந்த டெஸ்டில்தான். இரண்டாம் நாள் ஒரே நாளில் இரண்டு அணிகளும் சேர்ந்து 588 ரன் அடித்தன. டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு நாளில் அவ்வளவு ரன் அதற்குப் பிறகும் வந்ததில்லை. அந்த இரண்டாவது இன்னிங்ஸில் ராமஸ்வாமி 60. தோற்றுப்போயிருக்க வேண்டிய ஆட்டம் டிராவாகியது.

இப்போது ஆகஸ்ட் மாதத்துக்கு வருகிறேன். பெர்லினுக்குப் போன ஹாக்கி அணி, போட்டிக்கு முன்னால் ஜெர்மனியுடன் ஆடிய ஒரு பயிற்சி ஆட்டத்தில் 4-1 என்று தோற்றுவிட்டது. தயான் சந்துக்கே தூக்கம் போயிருக்கும். அவசரமாகத் தந்தி கொடுத்து, இந்தியாவிலிருந்து தாரா என்ற ஆட்டக்காரரை விமானத்தில் வரவழைத்தார்கள். அதே நேரத்தில், முந்தின வருடம் இவர்களோடு நியூசிலாந்து போன சென்டர் ஹாஃப் ஒருவர், பக்கத்து இங்கிலாந்தில் கிரிக்கெட் பெவிலியனில் உட்கார்ந்திருக்கிறார்! இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஹாக்கி இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 14-ல் நடந்திருக்க வேண்டியது. மழையால் மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. ஆகஸ்ட் 15, 1936. பெர்லினில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்று மூன்றாவது தங்கம் வாங்கியது. அதே ஆகஸ்ட் 15-ம் தேதி, லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியா, இங்கிலாந்து கடைசி டெஸ்டின் முதல் நாள். இங்கிலாந்து முதலில் ஆடியது. அந்த இன்னிங்ஸில் ஹாமண்ட் மட்டும் 217. நாற்பது வயது ராமஸ்வாமி வெள்ளை உடுப்போடு ஓவலில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். கோபாலன் இந்த டெஸ்டிலும் இல்லை. ஒரே நாள், இரண்டு ஊர், இரண்டு ஆட்டம். இரண்டுக்கும் தகுதி உள்ளவர் அவர் ஒருவர்தான். இரண்டிலும் அவர் இல்லை.

ஓவலில் இந்தியா 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ராமஸ்வாமி 29, பிறகு 41 நாட் அவுட். இரண்டு டெஸ்ட், நாலு இன்னிங்ஸ், மொத்தம் 170 ரன், சராசரி 56.66. இவ்வளவு நல்ல சராசரி வைத்துக்கொண்டு அதோடு அவர் டெஸ்ட் ஆட்டம் முடிந்துவிட்டது. வயது ஒரு காரணம். பிறகு யுத்தம் வந்துவிட்டது.

இரண்டு விளையாட்டில் நாட்டுக்குப் பெயர் வாங்கியவர்களை உலகம் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று பார்க்கையில் ஹெய்ட்டி என்ற சின்ன நாடு எனக்கு நினைவு வரும். கரீபியக் கடலில், வெஸ்ட் இண்டீஸ் தீவுகளுக்கு நடுவில் இருக்கிறது. அடிமைகளாக இருந்த கறுப்பு மக்கள் பிரெஞ்சுக்காரர்களை விரட்டிவிட்டு 1804-ல் தாங்களே அமைத்துக்கொண்ட நாடு. பணமில்லாத நாடு. அங்கே சில்வியோ காட்டோர் என்று ஒருவர். தேசிய கால்பந்து அணிக்குக் கேப்டன். அதோடு நீளம் தாண்டுகிறவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸில் வெள்ளி வாங்கினார். (நம் ஹாக்கிக்காரர்கள் முதல் தங்கம் வாங்கிய அதே ஒலிம்பிக்ஸ்.) அதற்கு அடுத்த மாதம் பாரிஸில் 7.93 மீட்டர் தாண்டி உலக சாதனை செய்தார். 26 அடியைத் தாண்டிய முதல் மனிதர் அவர்தான். அந்த நாட்டுக்கு இன்று வரை ஒலிம்பிக்ஸில் கிடைத்திருப்பது மொத்தமே இரண்டு பதக்கம். 1924-ல் துப்பாக்கி சுடும் அணிக்கு ஒரு வெண்கலம், 1928-ல் காட்டோரின் வெள்ளி. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் உள்ள பெரிய ஸ்டேடியத்துக்குக் காட்டோர் பெயரையே வைத்துவிட்டார்கள். அந்த ஊர்ச் சின்னப் பையன் ஸ்டேடியம் போகும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம்மிடம் அப்படி ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1952-53-ல் கோபாலனின் இருபத்தைந்து வருட ஆட்டத்தைக் கௌரவித்து, மதராஸுக்கும் சிலோனுக்கும் இடையே 'கோபாலன் டிராஃபி' என்று ஆரம்பித்தார்கள். நம் வயதுக்காரர்களுக்கு அந்த ஆட்டங்கள் ஞாபகம் இருக்கும். டெஸ்ட் தரத்துக்கு வராத சிலோன்காரர்களுக்கு வெளிநாட்டு அணியோடு ஒழுங்காக ஆடக் கிடைத்த மேடை அது. 1982-ல் அவர்கள் டெஸ்ட் நாடானதும் அந்த டிராஃபியின் மவுசு குறைந்துபோயிற்று. கோபாலன் இந்திய அணித் தேர்வுக்குழுவிலும் இருந்தார். ஒரு காலத்தில் தன்னை உட்கார வைத்த அதே வேலையை, பிறகு அவரே செய்ய வேண்டி வந்தது.

ராமஸ்வாமியும் தேர்வுக்குழுவில் இருந்தார். 1952-53-ல் இந்திய அணி முதல் முறையாக வெஸ்ட் இண்டீஸ் போனபோது அதற்கு மேனேஜர் அவர்தான். பிறகு வயதாகி அடையாறில் குடியிருந்தார். 1985 அக்டோபர் 15-ம் தேதி காலை வீட்டை விட்டு வெளியே போனவர், திரும்பி வரவே இல்லை. 89 வயது. உடம்பும் சரியில்லை. எங்கே போனார், என்ன ஆனார், ஒன்றும் தெரியவில்லை. டேவிஸ் கோப்பையிலும் டெஸ்டிலும் நாட்டுக்கு ஆடிய மனிதர் அடையாறு வீதியில் நடந்து போய்க் காணாமல் போய்விட்டார். கிரிக்கெட் கணக்குகளின் வேதப் புத்தகமான விஸ்டன், இவர் இறந்துவிட்டதாகவே கருதப்படுகிறது என்று எழுதும்படி ஆயிற்று. மற்ற ஆட்டக்காரர்கள் பெயருக்கு நேரே பிறந்த தேதி, இறந்த தேதி என்று இரண்டு இருக்கும். இவருக்கு இரண்டாவது தேதி யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாதது.

ஹெய்ட்டியிலும் இப்படி ஒரு காணாமல் போன கதை உண்டு, ஆனால் அது கொடுமையான கதை. ஜோ கேட்ஜென்ஸ் என்ற ஹெய்ட்டிக்காரர் நியூயார்க்கில் படித்துக்கொண்டே ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர். 1950 உலகக் கோப்பைக் கால்பந்தில் அமெரிக்க அணிக்கு ஆடி, தலையால் முட்டி ஒரே ஒரு கோல் போட்டு, இங்கிலாந்தையே தோற்கடித்தார். ஊர் திரும்பி லாண்டரி வைத்துப் பிழைத்தார். 1964 ஜூலையில் சர்வாதிகாரி துவாலியரின் ஆட்கள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அத்தோடு சரி. நம் ராமஸ்வாமியை யாரும் பிடித்துப் போகவில்லை. அவர் பாட்டுக்கு எழுந்து போனார். ஆனால் காத்துக்கொண்டிருந்த வீட்டாருக்கு இரண்டும் ஒன்றுதானோ என்னவோ.

கோபாலன் தீர்க்காயுளாக இருந்தார். 2003 டிசம்பர் 21-ல் சென்னையில் காலமானார். அப்போது உயிரோடு இருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் உலகத்திலேயே வயதில் மூத்தவர் அவர்தான். 94 என்று கணக்கு. பதிவில் இருக்கும் பிறந்த வருடம் சரியல்ல, இன்னும் சில வயது கூட என்று அவர் வீட்டார் சொன்னதாகவும் உண்டு. விஜ்ஜி, ஹாமண்ட், ஹாப்ஸ், எல்லோரும் போன பிறகும் அவர் இருந்தார்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு விஷயம். கிரிக்கெட்டா என்ட்ரன்ஸ் கோச்சிங்கா, ஸ்டேட் மேட்சா செமஸ்டர் பரீட்சையா என்று நம் காலேஜில் வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை தவித்துக்கொண்டுதான் இருக்கிறது. ராமஸ்வாமிக்கு அந்தத் தவிப்பு கிடையாது. லஸ் ஹவுஸ் பின்னால் இருந்தது. எது கிடைத்தாலும் லாபம், கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை. நாற்பது வயது வரை பொறுத்திருக்க அவரால் முடிந்தது. திறமையில் கோபாலன் குறைந்தவர் இல்லை. ஆனால் அவர் ஒன்றைப் பிடிக்க வேண்டுமானால் இன்னொன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். இந்த வித்தியாசத்தை ஸ்கோர் புத்தகம் காட்டாது. 1936-ஐப் பற்றி எழுதுகிறவர்கள் விஜ்ஜியையும் அமர்நாத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். மதராஸிலிருந்து போன இந்த இரண்டு பேருக்கு ஆளுக்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம்.

நம் முன்னாள் மாணவர்களில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பழைய குடும்பத்துக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். பரணில் தேடிப் பார்த்தால் பிரசிடென்சி மேட்ச் டிக்கெட்டோ, கோபாலன் டிராஃபி சமயத்துப் பேப்பர் கட்டிங்கோ, ராமஸ்வாமி எழுதிய அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதியோ அகப்படலாம். பழைய பேப்பர்காரனிடம் போடுவதற்கு முன்னால் காலேஜ் லைப்ரரிக்குக் கொண்டுவந்து கொடுங்கள். புத்தகத்தின் பைண்டிங் போயிருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் தைத்துக்கொள்கிறோம்.